எடைக்குப் போகாத ஜீப்

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஜீப் கிளம்பாவிட்டால் அது பழைய இரும்புக்குப் போகும் என்பது மைத்துனரின் தீர்ப்பு. வீடு அவருடையது. அதன் பின்கொட்டகையில்தான் அவருடைய தங்கை தன் கணவனோடு சேர்ந்து அந்த ஓட்டை வண்டியைப் பிரித்து, துரு சுரண்டி, திரும்பப் பூட்டியிருந்தாள். ஸ்பேனரைத் தொடாமலே இன்ஜினைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடிய மைத்துனர், அந்த ஞாயிறன்று இரும்புக்கடைக்காரரைக் கையோடு கூட்டி வந்தார்.

கணவன் சாவியைத் திருப்பினான். இன்ஜின் முக்கியதே தவிர, பிடிக்கவில்லை.

"ஆயுசு முடிஞ்சுபோச்சு மாப்ள. நான் அப்பவே சொன்னேன்" என்றார் மைத்துனர்.

"இருங்க, எலி நுழையக் கூடாதுன்னு நான்தானே அடைச்சேன்" என்ற தங்கை, இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்க்குள் கைவிட்டுக் கணவனின் பழைய பனியனை உருவினாள். அடுத்த திருப்பில் ஜீப் தெரு அதிர உறுமியது.

"அப்ப நான் வெறுங்கையோட போறதாம்மா?" என்றார் கடைக்காரர்.

"எங்கண்ணனை ஏத்திக்குங்க. சத்தம் நிறைய வரும், எடைதான் தேறாது."