நாலு மாதத்து மீன்

கார்மேகம் இடது கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மத்தி மீன் துண்டை வாயில் போட்டுத் தண்ணீரோடு விழுங்கினான். மீன் வாடையே ஆகாதவன் அவன்.

“இன்னும் எத்தனை இருக்கு பாய்?”

“ரெண்டுதான். கண்ண மூடிட்டு முழுங்கு” என்றேன்.

“கடல்ல ஒண்ணக்கூட மிச்சம் வைக்க மாட்டீங்க போல.”

ஓமன் நாட்டுச் சலாலாவில், எண்பது பேர் தங்கியிருந்த கேம்ப்பில் நான் சமையல்காரன். கார்மேகம் கட்டட வேலையில் கம்பி கட்டுபவன். முன்பு ஊரில் ரோடு வேலை செய்தபோது கொதிக்கும் தார் பட்டு அவன் கெண்டைக்காலில் பெரிய தழும்பு உண்டு. அந்தத் தழும்பு புண்ணாகி ஆறு மாதமாகியும் ஆறவில்லை. ஓரம் தடித்துக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போ என்று ஒருமுறை சொன்னேன். வைகாசியில் மகள் நாகஜோதிக்குக் கல்யாணம். அதற்குள் வேலைக்கு ‘அன்ஃபிட்’ என்று எழுதி ஊருக்கு அனுப்பிவிட்டால் எல்லாம் போச்சு என்றான்.

அந்த ஐப்பசியில்தான் ஸ்டோர் பாலகுரு பழைய பேப்பர் ஒன்றைக் கொண்டுவந்து வாசித்தான். மீன் எண்ணெயில் இருக்கும் ஒருவகைக் கொழுப்பு அமிலம் உடம்பின் அழற்சியை அடக்குமாம். தோலில் புற்றுநோய் வராமலும் தடுக்கக்கூடுமாம். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்களாம்.

“எலிக்கு ஆச்சுன்னா நமக்கும் ஆகும். ஒரு ரூமுக்குப் பன்னெண்டு பேரு, நம்மளும் அந்த ஜாதிதான” என்றான் கார்மேகம். எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாளிலிருந்து விடியற்காலை சுபுஹு தொழுததும் நான் கடற்கரைக்குப் போனேன். வலை இழுப்பவர்கள் கை நிறைய மத்தியை அள்ளிச் சும்மாவே கொடுப்பார்கள். ஒவ்வொரு மீனையும் பிஸ்மி சொல்லி ஆய்ந்தேன். அவன் காலுக்காக துஆ கேட்டேன். ஒரு மனிதனுக்கு நல்லது செய்கிறோம் என்ற நிறைவில் எனக்கு அந்த நாட்கள் இனிமையாகவே இருந்தன. அந்த நிறைவில்தான் ஆஸ்பத்திரி என்ற சொல்லையே மறந்துபோனேன்.

மாசியில் ஒருநாள் சைட்டில் புண் உடைந்து, ஷூ நிறைய ரத்தத்தோடு விழுந்தான். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். சதையை வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதை, நர்ஸ் கமலேஸ்வரி தமிழில் சொன்னாள். யாழ்ப்பாணத்துப் பெண். புற்றுநோய், எலும்பு வரைக்கும் போய்விட்டது, காலை எடுக்க வேண்டிவரலாம் என்றாள்.

கார்மேகம் அவளிடம் கேட்டான்.

“வைகாசி வரைக்கும் கால் இருக்குமாம்மா?”

அவள் அவன் கால் கட்டின் நுனியை உள்ளே செருகினாள். பிறகு கேட்டாள், “ஏன் அண்ணை இவ்வளவு நாளும் வரேல்லை?”

“மீன் சாப்ட்டேம்மா. நாலு மாசமா. பேப்பர்ல போட்டிருந்துச்சு.”

“மீன் நல்லதுதான். வராமல் இருக்க உதவக்கூடும் எண்டுதான் சொல்லுறாங்கள். வந்த புண்ணுக்கு அது மருந்தில்லை அண்ணை. ஆர் உங்களுக்கு இதைத் தந்தது?”

நான் வாயைத் திறந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

“யாரும் தரல. எனக்கு மீன்னா உசுரு. நானாத்தான் கேட்டுக் கேட்டுத் தின்னேன். பாய் அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாரு. நாந்தான் கேக்கல.”

நான் ஒரே ஒருமுறை சொன்னதை அவன் இத்தனை நாள் எங்கே வைத்திருந்தான் என்று தெரியவில்லை. தலை நிமிர முடியாமல் அவன் செருப்பை எடுத்து, நல்ல காலில் மாட்டிவிட்டேன்.

கம்பெனி பிக்கப்பில் திரும்பினோம். நகர எல்லையில் ஒட்டகங்கள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தன. டிரைவர் ஹாரன் அடிக்காமல் எஞ்சினை அணைத்தார். கடைசியில் ஒரு குட்டி, பிறந்து சில நாள்தான் இருக்கும், நடு ரோட்டில் கால்கள் பின்னிக்கொள்ள நின்றுவிட்டது. தாய் திரும்பி வந்து, அதன் பக்கத்தில் அசையாமல் நின்றது. எங்கள் பின்னால் வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. கார்மேகம் கண்ணாடியை இறக்கி, அந்தக் குட்டி அடுத்த அடியை எடுத்து வைக்கக் காத்திருந்தான்.