வேலாயுதத்தின் ஏழாவது மனு

1969-ஆம் வருஷம் ஐப்பசி மழையில், பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வேலாயுதத்தின் தறிக்குழியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டதால் வந்த வினை. வரி கட்டுகிற குடிமகனுக்கு இதைக் கேட்க உரிமை இல்லையா என்று சுகாதார அலுவலகத்துக்கு மனு மேல் மனுவாக எழுதினார். ஏழாவது மனுவுக்குப் பலன் கிடைத்தது. ஒரு நாள் காலையில் சுகாதார இன்ஸ்பெக்டர் பூவராகவன் சைக்கிளில் வந்து இறங்கினார். பின்னாலேயே துப்புரவுத் தொழிலாளி செல்லியம்மாள் மண்வெட்டியோடு வந்தாள்.

தெருவே கூடிவிட்டது. வேலாயுதம் சலவை வேட்டி உடுத்தி எல்லோருக்கும் முன்னால் நின்றார்.

செல்லியம்மாள் மூடுகல்லைப் புரட்டி, அடைப்புக்குள் கைவிட்டு இழுத்தாள். சடை பிடித்த தலைமுடி மாதிரி ஒரு நூல்கட்டி வெளியே வந்தது. சேறு வடிய வடிய உள்ளே கிளிப்பச்சை தெரிந்தது.

“இது யார் வீட்டு நூல்?” என்று கேட்டார் பூவராகவன்.

அந்த மாதம் கிளிப்பச்சைப் பாவு ஏறியிருந்தது ஒரே ஒரு தறியில்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். வேலாயுதத்தின் மனைவி நீலாம்பாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பு தோளில் தெரிந்தது.

“என்னுதுதான் சார்,” என்றார் வேலாயுதம். “கழிவு நூலை இதுலதான் போடுவோம்.”

“பட்டு நூல் அறுபடாதுங்க ஐயா,” என்றாள் செல்லியம்மாள். “இழுக்க இழுக்க என் கையைத்தான் அறுக்குது. ஒம்போது தெருவுக்கு நான் ஒருத்தி. நானும் வாரிக்கினேதான் இருக்கேன், நீங்களும் போட்டுக்கினேதான் இருக்கீங்க.”

அவள் விரல்களில் ஆறியும் ஆறாமலும் வெட்டுகள் இருந்தன. வேலாயுதத்தின் முகம் சுண்டிப்போனது.

“அப்போ மனுவை வாபஸ் வாங்கிக்கிறீங்களா?” என்றார் பூவராகவன்.

“எதுக்கு சார்? நூல் போட்டது என் தப்பு, இன்னையோட நிறுத்திடறேன். ஒம்போது தெருவுக்கு ஒரு ஆள்னு வெச்சது யார் தப்பு? அதைக் கேக்காம விட மாட்டேன்.”

பூவராகவன் சிரித்துவிட்டார். “எழுதிக் குடுங்க. நானும் மேல சிபாரிசு பண்றேன்.”

அன்று சாயங்காலமே நீலாம்பாள் பழைய கோணிகளை வெட்டித் தைத்தாள். கழிவு நூல் போட வீட்டுக்கு ஒரு பை. வேலாயுதம் வாசல் வாசலாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

“சாக்கடை சர்க்காரோடதுதானே மாமா?” என்று இழுத்தாள் எதிர்வீட்டு ஏலவார்குழலி.

“சர்க்காரோடதுதாம்மா. கை அந்தம்மாவோடது.”

அவள் பையை வாங்கித் தறிப் பக்கத்தில் மாட்டினாள்.

தை மாதம் செல்லியம்மாளோடு இன்னும் இரண்டு பேரை வேலைக்கு அனுப்பினார்கள். அடுத்த ஐப்பசியில் முதல் மழை கொட்டியபோது, தெருவாசிகள் வாசலில் நின்று சாக்கடைத் தண்ணீர் தடையில்லாமல் ஓடுவதைத் தேர் பார்ப்பது போலப் பார்த்தார்கள். தறிக்குழியில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஏலவார்குழலி குடையோடு ஓடி வந்தாள். “மாமா, நம்ம தெருக் குழாய் ரெண்டு நாளா வரல. ஒரு மனு எழுதிக் குடுங்களேன்.”

வேலாயுதம் பேனாவை அவளிடம் நீட்டினார். “உனக்கும்தான் எழுதத் தெரியும். நீ எழுதும்மா, நான் கையெழுத்துப் போடறேன்.”

அவள் தயங்கி உட்கார்ந்து, தாளை மடியில் வைத்துக்கொண்டாள்.

“மேன்மை தங்கியன்னு போடணுமா மாமா?”

“வேணாம். ஐயான்னு போட்டா போதும்.”