லாரி ஏறிய அளவுப்பெட்டி

அந்தக் கிடங்கில் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஜீவன் குகைதான்.

பார்சல்கள் ஓடுகிற பெல்ட்டின் நடுவில், யானைக்குக் கொட்டில் கட்டினாற்போல் அந்த அளவு மிஷின் குந்தியிருக்கும். உள்ளே நீல வெளிச்சம். மேலே, பக்கத்தில், பெல்ட்டின் இடுக்கு வழியாக அடியிலும் கேமராக்கள். தரையில் ஒரு தராசு. ஒரு வாயால் பார்சலை விழுங்கி மறு வாயால் துப்புவதற்குள் நீளம், அகலம், உயரம், எடை எல்லாவற்றையும் திரையில் எழுதிவிடும். லேபிளையும் படித்து, எந்த லாரிக்குப் போக வேண்டும் என்று பெல்ட்டுக்கு உத்தரவும் போட்டுவிடும். நடுவில் கண்ணிமைத்தவர்கள் பார்சலைப் பார்த்ததே இல்லை என்று சத்தியம் செய்வார்கள்.

அதைப் பார்த்துக்கொள்பவளுக்குக் குகைக்காரி என்று பெயர் ஒட்டிக்கொண்டது. குகையோடு பழகிப் பழகி அவளுக்கும் அதே புத்தி. வீட்டில் புருஷன் புரண்டு படுத்தால்கூட நீளம், அகலம், உயரம் என்று அவள் மனசுக்குள் எண்கள் ஓடும். எடையை மட்டும் குடும்ப நிம்மதிக்காக வெளியே சொல்வதில்லை.

குகைக்கும் ஓர் எஜமானன் உண்டு. மஞ்சள் பெயிண்ட் பூசிய ஒரு மரப்பெட்டி. அளவுத்துறை ஆபீசில் அதை அளந்து, நிறுத்து, மேல்பலகையில் அந்த எண்களைப் பொறித்து, ஈய முத்திரையும் வைத்துக் குகைக்காரி கையில் ஒப்படைத்திருந்தார்கள். அதிகாரி வரும் நாளில் அந்த அளவுப்பெட்டியைக் குகைக்குள் விட வேண்டும். பொறித்த எண்களையே குகையும் சொன்னால் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். மாற்றிச் சொன்னாலோ, பெட்டியே இல்லாமல் போனாலோ குகையின் வாயில் சீல்.

அன்று காலை மேற்பார்வையாளர் ஓடிவந்தார். அவர் ரகசியம் பேசினாலே பக்கத்துத் தெருவில் நாய் குரைக்கும். அதனால் அவருக்குச் சைரன் என்று பெயர்.

"அளவு ஆபீசர் மேடம் வந்துட்டாங்க! என் ரூம்ல தண்ணி குடிச்சிட்டிருக்காங்க. பெட்டி ரெடியா?"

"ரெடி சார்."

"இதோ பாரும்மா. பெட்டி உன் பொறுப்பு. பெட்டி இல்லன்னா குகை இல்ல. குகை இல்லன்னா எனக்கு எதுக்குக் குகைக்காரி? நாளையிலேர்ந்து நீ வீட்டுலயே இருந்துக்கலாம்."

"அதான் ரெடின்னு சொல்றேனே சார்."

சைரன் போனார். குகைக்காரி குனிந்து மேசைக்கடியில் கையை விட்டாள். கைக்குக் காற்றுதான் கிடைத்தது. எட்டிப் பார்த்தாள். தூசிப் படலத்தின் நடுவே, பெட்டி இருந்த இடம் மட்டும் கழுவிவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது.

சந்தேகமே இல்லாமல் அவள் கண்கள் பேக்கிங் மேசைப் பக்கம் போயின. அங்கே தூண் நின்றுகொண்டிருந்தான்.

தூண் பேக்கிங் செய்கிறவன். ஆள் தூண்தான், கிடங்கின் கூரையை அவன்தான் தாங்கிக்கொண்டிருக்கிறான் என்று புதிதாக வந்தவர்களிடம் சொன்னால் நம்பிவிடுவார்கள். அவன் உட்கார்ந்து எழுந்த நாற்காலிகளுக்குக் கிடங்கின் பின்னால் ஒரு மயானமே இருந்தது. பாவம் பார்த்து, யாருக்கும் தெரியாமல் குகைக்காரிதான் அளவுப்பெட்டியை அவனுக்கு ஸ்டூலாகக் கொடுத்துவந்தாள். "முத்திரை மேல உக்காராத, கவுத்துப் போட்டு உக்காரு" என்று வழி சொல்லிக்கொடுத்ததும் அவளேதான்.

"ஏன்டா நிக்கிற? பெட்டி எங்க?"

"அதைத்தான்க்கா நானும் தேடுறேன். காலையிலேர்ந்து கால் கடுக்குது."

"நீ உக்காந்த பெட்டிய நீயே தேடுறியா?"

"எழுந்து டேப் எடுக்கப் போனேன். வந்து பாத்தா இல்ல."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். லேபிள் இல்லாத பார்சல்களைக் குகை ஒதுக்கித் தள்ளுகிற ரிஜெக்ட் கூடையில் ஒரே ஒரு பெட்டி கிடந்தது. மொட்டையாக, முகவரி எதுவும் இல்லாமல்.

"இது நீ கட்டினதுதானே? லேபிள் ஒட்டலையா?"

"ஒட்டினேனே! உரிச்சேன், டேபிள் ஓரத்துல வச்சேன், அப்புறம்..." தூண் டேபிள் ஓரத்தைத் தடவிப் பார்த்தான்.

"திரும்பு" என்றாள் குகைக்காரி.

அவன் திரும்பினான். பேன்ட்டின் பின்பக்கம் முழுக்க அட்டைத் தூசி. அதன் நடுவே, லேபிள் அளவுக்குச் சதுரமாக, ஒரு பொட்டுத் தூசிகூட இல்லாத இடம்.

"அடப்பாவி! லேபிள் மேல சாஞ்சிருக்க. அது உன் பேன்ட்ல ஒட்டி, நீ உக்காந்தப்ப உரிஞ்சு புரண்டு பெட்டியில ஒட்டியிருக்கு."

தூணின் முகத்தில் மெல்ல மெல்ல விடிந்தது. "அக்கா... டேப் எடுத்துட்டுத் திரும்பினப்ப கீழ ஒரு பொட்டி இருந்துச்சு. லேபிளோட. எவன்டா பாதி வேலையில விட்டுட்டுப் போனதுன்னு நல்லாத் திட்டினேன்."

"திட்டிட்டு?"

"நான்தான் தூக்கி பெல்ட்ல வச்சேன்."

கிடங்கு முழுக்க ஒரே பாடம்தான்: லேபிள் இருந்தால் பெல்ட்டில் போடு. என்ன, ஏது என்று கேட்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது. குகைக்கும் கிடையாது.

அவள் திரையைத் தட்டினாள். குகை ஒவ்வொரு பார்சலையும் படம் பிடித்து வைக்கும். அட்டை, அட்டை, அட்டை, பளீரென்று மஞ்சள். படத்துக்குக் கீழே அது போன லாரியின் அடையாளம். அதை இன்னொரு முறை படித்தாள். உலகத்தில் இத்தனை லாரிகள் இருக்க, பெட்டி போய் ஏறியது அவள் கொழுந்தன் ஓட்டும் லாரியில்.

புருஷனின் தம்பி அவளோடு பேச்சை விட்டு ஒரு மாதம் ஆகிறது. கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணுக்கு அனுப்ப அவன் ஓர் ஆளுயரப் பொம்மையைப் பெட்டியில் திணித்துக் கொண்டுவந்தான். அனுமதித்த அளவைவிடப் பெட்டி ஒரு விரற்கடை பருத்திருந்தது. குகை வேண்டாமென்று தள்ளிவிட்டது. 'கண்டுக்காம விடுங்க அண்ணி' என்று அவன் கெஞ்ச, இவள் கிடங்கே கேட்கும்படி, "குகை சொன்னா சொன்னதுதான்! உனக்காகச் சுருங்குமா?" என்று கத்திவிட்டாள். கடைசியில் அவன் பொம்மையைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே போனான். வழிநெடுக எல்லோரும் ஜோடிப்பொருத்தம் பார்த்தார்களாம். அன்றிலிருந்து வீட்டில் அவன் சுவரிடம்தான் பேசுவான். "சுவரே, குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லு."

லாரி மேடையில் இன்ஜின் உறுமும் சத்தம் கேட்டது. குகைக்காரி ஓடினாள்.

அவன் லாரியின் பின்கதவை இழுத்துக்கொண்டிருந்தான். கதவு மூடுமுன் உள்ளே, எல்லாவற்றுக்கும் மேலே, மஞ்சள் நிறம் பல்லைக் காட்டியது.

"தம்பி, நில்லு! அந்த மஞ்சப் பெட்டிய எடுத்துக் குடு."

அவன் குனிந்து டயரைப் பார்த்தான். "டயரே, யாரோ பேசற மாதிரி இருக்குல்ல?"

"விளையாடாத. அது பார்சல் இல்ல. என்னோட அளவுப்பெட்டி. அது இல்லன்னா எனக்கு வேலை போயிடும்."

"டயரே, அதுல லேபிள் இருக்கு. குகை படிச்சிருக்கு. வண்டியில ஏத்தச் சொல்லியிருக்கு." இப்போதுதான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். ஒரு மாதமாக ஊறவைத்த சிரிப்பு. "குகை சொன்னா சொன்னதுதானே அண்ணி? உங்களுக்காக மாத்துமா?"

தன் வார்த்தையே திரும்பி வந்து கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது அவளுக்கு.

"இப்ப என்னதான் வேணும் உனக்கு?"

"பெருசா ஒண்ணுமில்ல. அன்னிக்குக் கத்தினீங்கல்ல, அதே சத்தத்துல, 'குகை பொய் சொல்லும்'னு ஒரு தடவை சொல்லுங்க. எல்லாரும் கேக்கணும். பெட்டிய நானே தூக்கிட்டு வந்து வைக்கிறேன்."

சுமை ஏற்றுகிறவர்கள் எல்லோரும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கத் தயாரானார்கள். அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

மேடைக்கதவு வழியாகச் சைரன் வந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால், பையைத் தோளில் மாட்டிய ஒல்லியான ஓர் அம்மாள். சிரிப்புக்கு அந்த முகம் விண்ணப்பமே போட்டிருக்காது போலிருந்தது. அளவுத்துறை அதிகாரி.

"இது லாரி ஏத்துற எடம் மேடம்! அடுத்தது மிஷின்தான்!" என்று சைரன் ஒலித்தார்.

குகை பொய் சொல்லும் என்று இந்தக் காதில் விழுந்தால் அதோடு சரி. சொல்லாவிட்டால் பெட்டி ஊரைத் தாண்டிவிடும். கொழுந்தன் ஸ்டீயரிங் பக்கம் ஒரு காலை எடுத்து வைத்தான்.

குகைக்காரி மூச்சை இழுத்தாள். அவள் கத்தியதில் மேடைக்கு மேலே போய்க்கொண்டிருந்த புறா ஒன்று திசை மாறிப் பறந்தது.

"குகை பொய் சொல்லாது! அதைப் பாத்துக்கற பொம்பளைக்குத்தான் வாய் நீளம்! அன்னிக்கு அந்த வாயை அளந்திருந்தா பெல்ட்லயே ஏறியிருக்காது!"

மேடை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. கொழுந்தன் அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. டயரைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான்.

"போதும் அண்ணி, போதும். நான் கேட்டதைவிடப் பெருசாவே குடுத்துட்டீங்க." தாவி ஏறிப் பெட்டியை எடுத்து, அதிகாரி கண்ணில் படாதபடி கதவு மறைவில் அவள் கையில் வைத்தான்.

"யார் இவங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"குகை... மிஷினப் பாத்துக்கற அம்மா, மேடம்" என்றார் சைரன், முதல்முறையாகச் சின்னக் குரலில்.

அவர்கள் சுற்றி வருவதற்குள் குகைக்காரி குறுக்கே ஓடி, மூச்சிரைக்க, பெட்டியைப் பெல்ட்டின் ஓரத்தில் வைத்தாள். முத்திரை மேலே தெரியும்படி நேராக வைத்துத் தூசியைத் துடைத்தாள். அதிகாரி வந்தார், முத்திரையைத் தொட்டுப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"விடுங்க."

குகை பெட்டியை விழுங்கியது. திரையில் எண்கள் வந்தன. பலகையில் பொறித்தவையும் இவையும் இரட்டைப் பிள்ளைகள். குகைக்காரி அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள். பாதிதான் விட்டிருப்பாள். எண்களுக்குக் கீழே பச்சையாக ஒரு வரி மினுக்கியது. லாரியின் அடையாளம்.

லேபிள்! அடியில் ஒட்டிய லேபிள் அடியிலேயே இருக்கிறது. அவள் உரிக்கவே இல்லை.

பெல்ட்டின் ஓரத்து இரும்புக் கை நீண்டு பெட்டியைத் தட்டியது. பெட்டி சறுக்கில் இறங்கி, அரச பவனியாக வளைந்து, எல்லோர் கண்ணெதிரிலும் லாரி மேடைப் பக்கம் மறைந்தது.

"டெஸ்ட் பெட்டி எங்க போகுது?" என்றார் அதிகாரி.

"வந்துடும் மேடம்" என்றார் சைரன்.

"எங்கேர்ந்து?"

சைரன் தூணைப் பார்த்தார். தூண் கூரையைப் பார்த்தான், அதைத் தாங்குவது ஒன்றே தன் வேலை என்பதுபோல. இனி மறைக்க இடமில்லை என்று குகைக்காரிக்குத் தெரிந்தது.

"லாரிக்குப் போகுது மேடம். அடியில ஒரு பார்சலோட லேபிள் ஒட்டியிருக்கு. நான் உரிக்க மறந்துட்டேன்."

"டெஸ்ட் பெட்டியில லேபிள் எப்படி ஒட்டும்?"

"உக்காந்ததுல மேடம்."

"முத்திரை மேலயா?"

"ஐயோ, இல்ல மேடம். கவுத்துப் போட்டுத்தான். உக்காரச் சொன்னதும் நான்தான்."

அதிகாரியின் பார்வை தூணின் தலையில் தொடங்கிப் பாதத்துக்கு வந்து சேர நேரம் பிடித்தது. "இவரா?" என்றார். "தாங்குச்சா?"

யாரும் பதில் சொல்லுமுன் கொழுந்தன் பெட்டியைத் தோளில் சுமந்து வந்தான். "அண்ணி, இதுக்கு என் வண்டி ரொம்பப் பிடிச்சுப்போச்சு. டிரைவராவே சேத்துக்கவா?"

அதிகாரி பெட்டியை வாங்கிக் கவிழ்த்தார். லேபிளை நகத்தால் நிதானமாக உரித்துத் தூணிடம் நீட்டினார். பையிலிருந்து ஸ்கேலை எடுத்து மூலைக்கு மூலை வைத்துப் பார்த்தார். முத்திரையை உற்றுப் பார்த்தார். பிறகு பெட்டியைத் தானே குகைக்குள் விட்டார். நேராக, குறுக்காக, சாய்வாக. ஒவ்வொரு முறையும் குகைக்காரியின் உயிர் உள்ளே போய் வெளியே வந்தது. ஒவ்வொரு முறையும் அதே எண்கள். லேபிள் இல்லாத பெட்டி சமர்த்தாக ரிஜெக்ட் கூடையில் போய் விழுந்தது.

"மலையே உக்காந்தும் பெட்டி நசுங்கல" என்றார் அதிகாரி. "அடியில இருக்குற லேபிளையும் மிஷின் விடல. நீங்களும் கேட்டதும் உள்ளதைச் சொல்லிட்டீங்க. நாற்காலி வாங்கிப் போடுங்க, இனிமே இதுல யாரும் உக்காரக் கூடாது." அந்த அம்மாள் ஸ்டிக்கரை எடுத்துக் குகையின் நெற்றியில் ஒட்டினார்.

குகைக்காரி அந்த ஸ்டிக்கரை ஒருமுறை தடவிக்கொடுத்தாள்.

கையெழுத்துப் போட அதிகாரி உட்கார இடம் தேடினார். இருந்த நாற்காலிகள் எல்லாம் மயானத்தில் இருந்தன.

"இந்த ஒரு தடவை" என்று சொல்லிக் கண்ணால் பெட்டியைக் காட்டினார். தூண் பாய்ந்துபோய்த் தூக்கிவந்து பக்குவமாகக் கவிழ்த்துப் போட்டான். அந்த அம்மாள் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டு, எழுந்து பையை மாட்டிக்கொண்டார்.

"டேய்," என்று குகைக்காரி மெதுவாகக் கேட்டாள், "அந்த லேபிள் எங்க? மொட்டைப் பார்சல்ல ஒட்டணுமே."

தூண் தன் வெறுங்கையைப் பார்த்தான். "கவுத்த பெட்டிய நகத்த ரெண்டு கையும் வேணுமேன்னு... ஒட்டுப்பக்கம் மேலா, ஒரு நிமிஷம் அது மேலயே வச்சேன்..."

எல்லோரும் ஒன்றாகத் திரும்பினார்கள். விறைப்பாக நடந்துபோகும் அதிகாரியின் பின்பக்கத்தில், பட்டைக் கோடுகள் நேராக இருக்க, அழகாக ஒட்டியிருந்தது லேபிள். சைரன் கண்ணை மூடிக்கொண்டார். குகையைக் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று அந்த அம்மாள் பெல்ட்டின் பக்கம் சாய்ந்தார்.

கொழுந்தன் குகைக்காரியின் காதருகே குனிந்தான்.

"சீக்கிரம் போய்ச் சொல்லுங்க அண்ணி. பெல்ட்ல கால் வச்சாங்கன்னா அவ்ளோதான். நேரா என் வண்டிக்குத்தான் வருவாங்க."