கொத்தனார் ருசி பார்த்த சாமான்கள்

சுவர் பூசிக்கொண்டிருந்த கொத்தனார் கரணையைக் கீழே வைத்தார். சாரத்தில் கிடந்த துருப்பிடித்த ஆணி ஒன்றை எடுத்துச் சட்டையில் துடைத்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெல்ல நாக்கில் வைத்தார். கலவைச் சட்டியோடு வந்த சித்தாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"என்னண்ணே, வீட்ல சோறு போடலையா?"

"சும்மா இரும்மா. எப்படி இருக்குதுன்னு பாத்தேன்."

"எப்படி இருக்குது?"

கொத்தனார் கண்ணை மூடி யோசித்தார். "பல்லு புடுங்குன அன்னிக்கு வாய் இருக்குமில்ல, அப்படி."

சித்தாள் சட்டியை இறக்கிவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கொத்தனாரின் மனைவிக்குக் கன்னத்தின் உட்பக்கம் ஆறாத புண் ஒன்று வந்து, அது புற்றுநோய் என்று ஆகி, ஆபரேஷன் முடிந்து, இப்போது தினமும் கரண்ட் வைத்தியம், அதாவது கதிர்வீச்சு, நடக்கிறது. சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறவள். மிஷின் சத்தத்தையும் மீறிப் பேசுவாள் என்பதால் அங்கே அவளுக்கு ரேடியோ என்று பேர். அந்த ரேடியோ இப்போது வாயைத் திறந்தால் எரிகிறது. எச்சில் பசை மாதிரி இழுக்கிறது, இல்லாவிட்டால் அடியோடு வறண்டுவிடுகிறது. கழுத்துத் தோல் கருகிப்போய்க் கிடக்கிறது.

ஆஸ்பத்திரியில் அவளுக்கென்று ஒரு முகமூடி செய்திருந்தார்கள். வலை போட்ட பிளாஸ்டிக் தகட்டைச் சுடுதண்ணீரில் இளக்கி முகத்தில் அழுத்தி எடுத்தது. தலை அசையாமல் இருக்க அதை மாட்டி மேசையோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். கரண்ட் வைக்கிற மிஷின்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"மொகம் இளைச்சா இது லொடலொடன்னு ஆயிடும். அப்புறம் புதுசா செய்யணும். நடுவுல வைத்தியம் நின்னுபோகும், அது நல்லதில்ல. வாயால சாப்பிட முடியலைன்னா சொல்லுங்க, மூக்குல டியூப் போட்டுடலாம்."

டியூப் என்றதும் அவள் கொத்தனாரின் கையை நகம் பதியப் பிடித்தாள். ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோது பக்கத்துப் படுக்கைக்காரி அதைப் பிடுங்கிப் போட்டதைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு அது ஆகாது.

ஆகவே அடுப்பு பற்றவைக்கத் தெரியாத கொத்தனார் சமையலில் இறங்கினார். கஞ்சியைக் கலவை மாதிரி சலித்தார். பதம் பார்க்க, கரணையைச் சாய்க்கிற மாதிரி கரண்டியைச் சாய்த்தார். அதெல்லாம் கைக்கு வந்துவிட்டது. பிடிபடாதது ஒன்றுதான். அவள் வாயில் அது எப்படி இருக்கிறது?

சுவரில் உப்புப் பூத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் மேலே பூசிப் பிரயோசனம் கிடையாது. அவள் வாயில் இருப்பது என்ன ருசி என்று தெரிந்தால் அதற்கு மாற்றாக ஏதாவது போடலாம் என்பது அவர் கணக்கு. தினமும் டம்ளரை நீட்டிவிட்டு எதிரே குந்திக்கொள்வார்.

"எப்படிம்மா இருக்குது?"

பேசுவது வலி என்பதால் அவள் நாளெல்லாம் சேர்த்துவைத்து ஒரு வாக்கியம் பேசுவாள்.

"ஆணியச் சப்புற மாதிரி."

இன்னொரு நாள் நனைந்த அட்டைப்பெட்டி என்றாள். டார்ச் பேட்டரி என்றாள். கொத்தனார் ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்து நாக்கில் வைத்துப் பார்த்தார். பழைய செருப்பு என்றபோதுதான் கொஞ்சம் தயங்கினார். கடைசியில் தன் செருப்பையே எடுத்தார். அவளுடையது புதுசு, அதில் அந்த ருசி இருக்காது. ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்த மனைவியின் தோள் குலுங்கியது. இருமுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

செருப்புக்கு எதிர்ப்பதமாக எதைப் போடுவது என்று அவருக்குப் புரியவில்லை. டம்ளரில் மிச்சம் விழுவது கூடிக்கொண்டே வந்தது. முகமூடி பூட்டும்போது கன்னத்தோரம் மிஷின்காரரின் சுண்டுவிரல் நுழைய ஆரம்பித்தது.

அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. வாய் கொப்பளிக்கச் சமையல் சோடாவும் உப்பும் கலந்த தண்ணீர் வேண்டும். வேலையிடத்தில் சாமானை வரிசை பார்த்து எடுக்கிற பழக்கத்தில், கொத்தனார் வீட்டிலும் இரண்டு டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பார்க்காமலே கைவிட்டு அள்ளுவார். அன்று யாரோ, வேறு யார், அவரேதான், டப்பாவை இடம் மாற்றி வைத்திருந்தார். உப்புக்குப் பதில் சோடா கஞ்சிக்குள் போய்விட்டது.

அவள் பாதி குடித்தாள். "பேனா மூடியக் கடிச்ச மாதிரி" என்றாள்.

பேனா மூடி தேடுவதற்கு முன் கொத்தனார் பாத்திரத்தை வழித்து ஒரு வாய் வைத்தார். சோப்பைக் கரைத்து ஊற்றிய மாதிரி குமட்டியது. ஓடிப்போய்த் துப்பிவிட்டு வந்து அவள் எதிரே நின்றார்.

"இத எப்படிம்மா குடிச்ச?"

அவள் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"உனக்கு ஒண்ணுமே தெரியலையா?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தெரியல. ரெண்டாவது வாரத்துலேர்ந்தே."

"அப்ப ஆணி?"

"நீங்க ஆசையா கேக்குறீங்க. என்னத்தச் சொல்ல?"

"செருப்பு?"

"அது சும்மா. நெஜமாவே நக்குவீங்களான்னு பாக்கத்தான்." கன்னத்தை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டாள். சிரித்தால் வலிக்கும்.

கோபம் வரும் என்றுதான் அவள் நினைத்தாள். கொத்தனாருக்கு வேறொன்று தோன்றிவிட்டது. ஒன்றுமில்லை என்றால் எப்படி? தண்ணீருக்குக்கூட ஒரு ருசி உண்டே. ஒன்றுமே இல்லாதது எப்படி இருக்கும்?

கேட்டார். அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பதிலாக அவளே ஒன்று கேட்டாள்.

"அந்த ஆணி நெஜமா எப்படி இருந்துச்சு?"

சொன்னார். பேட்டரி நாக்கில் சுருக்கென்று குத்தியதையும், அட்டைப்பெட்டியில் கோந்து வாசம் வந்ததையும் சொன்னார். செருப்பைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே புதிதாகக் காய்ச்சிய கஞ்சியைக் குடித்தாள். பேச்சு முடிந்தபோது டம்ளரும் காலி.

அதற்குப் பிறகு கேள்வி திரும்பிவிட்டது. அவர் ஒரு வாய் வைத்துச் சொல்வார், அவள் குடிப்பாள். "இன்னிக்கு முட்டை போட்டது. பூசி முடிச்ச சுவரைத் தடவுன மாதிரி வழுக்கிட்டுப் போவுது. உப்பு கடைசியிலதான் எட்டிப் பாக்குது." சொல்வதற்கு ஒன்றுமில்லாத நாளில் வேலையிடத்தில் எதையாவது நக்கிவிட்டு வருவார். சித்தாளே இப்போது எடுத்துக் கொடுத்தாள். "இந்தாண்ணே, புது டைல்ஸ். இத இன்னும் பாக்கலையே."

இளைத்தது இளைத்ததுதான். ஆனால் அதற்கு மேல் இளைக்கவில்லை. சுண்டுவிரலுக்குப் பின்னால் இன்னொரு விரல் நுழையவில்லை. டியூப் பேச்சு எழவே இல்லை.

வைத்தியத்தின் கடைசி நாள் முகமூடியைப் பூட்டித் திறந்த மிஷின்காரர், "கடைசி வரைக்கும் இதே தாங்கிடுச்சும்மா, நீங்களே வச்சுக்குங்க" என்று அதைக் கையில் கொடுத்துவிட்டார். ஆஸ்பத்திரி நடையில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து உதட்டை நனைத்துக்கொண்டாள். கொத்தனார் முகமூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கு, மோவாய், எல்லாம் அவளுடையது.

அவள் பார்ப்பது தெரிந்தும், அதன் கன்னத்தோரத்தை நாக்கால் தொட்டார்.

"எப்படி இருக்குது?"

இன்னொரு முறை தொட்டார். கண்ணை மூடினார். காத்திருந்தார்.

"ஒண்ணும் வரல," என்றார். "புளிப்பு, கரிப்பு, எதுவும் இல்ல. நாக்கு மட்டும்தான் இருக்குது."

அவள் பாட்டிலை மூடினாள்.

"அதேதான்," என்றாள்.