முகம் தெரியும் முதல் காட்சி

ஆசிஃபா தன் வீட்டுப் பின்கட்டுச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு கட்டமும் ஒரு ஷாட். விஷுவல் கம்யூனிகேஷன் கடைசி ஆண்டு. ஆளுக்கொரு குறும்படம் எடுத்தாக வேண்டும். அவள் எடுக்கவிருந்தது ஒரு சைக்காலஜிக்கல் த்ரில்லர். தான் செய்ததைத் தானே நம்ப முடியாமல் போகிற ஒரு பெண்ணின் கதை.

தொடக்கக் காட்சி இதுதான். மத்தியான நேரம், சுரங்கத் தொழிலாளர் குவார்ட்டர்ஸ் ஒன்றின் சமையலறை. வீட்டில் தனியாக இருக்கும் பெண் டீ போட்டு ஒரு டம்ளரில் ஊற்றுகிறாள். தூரத்தில் மைன்ஸில் வெடி வைக்கிறார்கள். அலமாரியில் பாத்திரங்கள் லேசாக அதிர்கின்றன. ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பினால் அடுப்பு மேடையில் இரண்டு டம்ளர்கள். இரண்டிலும் ஆவி பறக்கிறது.

கல்லூரியில் அவளுக்கு வழிகாட்டியான சக்கரபாணி சார் இதைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கியிருந்தார்.

"எடுத்த எடுப்புல ஒரு அலறல் வேணும்மா. சுவத்துல ரத்தம் தெறிக்கணும். டம்ளரப் பாத்து யாரு பயப்படுவாங்க?"

"நான் பயப்படுவேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள் ஆசிஃபா. அந்தப் பதிலில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தப் பெண்ணாக நடிக்க ஜெனிஷாவைக் கேட்டிருந்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்து தோழி, பக்கத்துத் தெரு. ஜெனிஷா யோசிக்காமல் சரியென்றாள். ஆனால் மறுநாளே அவள் அப்பா கிறிஸ்துதாஸ், ஷிப்ட் முடிந்து வரும் வழியில் ஆசிஃபா வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினார். வண்டியை விட்டு இறங்கவில்லை.

"தப்பா நெனைச்சிக்காதம்மா. ஜெனிஷா நடிக்க வேணாம். பிளஸ் டூ படிக்கறப்ப அவ தூக்கம் இல்லாம, என்னென்னவோ சத்தம் கேக்குதுன்னு அழுதுக்கினு கெடந்தது உனக்குத் தெரியும். பாண்டிச்சேரிக்கு டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போனோம். இப்பதான் நம்ம குவார்ட்டர்ஸ் பிளாக்ல நாலு பேரு அத மறந்துக்கினு வராங்க. இப்படி ஒரு வேஷத்துல அவ மூஞ்சியக் காட்டினா, நாளைக்கு யாரு அவளக் கட்டிக்குவாங்க?"

குரலில் கோபமே இல்லை. அதனாலேயே ஆசிஃபா உடனே தலையாட்டிவிட்டாள். "சரிங்க அங்கிள்" என்றாள்.

மண்டையைக் குடைந்துகொண்டு கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். முகத்தையே காட்டாமல் எடுத்துவிடலாம். கை, பின்கழுத்து, தரையில் நடக்கும் பாதம், ஜன்னல் கண்ணாடியில் கலங்கலாக ஓர் உருவம். பழைய கட்டங்களைத் தண்ணீர் ஊற்றி அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தாள். கேமரா பிடிக்கப்போகும் வகுப்புத் தோழன் கிளமென்ட் தரையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

"சூப்பர். முகம் தெரியலன்னா இன்னும் திகிலா இருக்கும். அவங்கப்பாவும் ஒண்ணும் சொல்ல முடியாது."

ஆசிஃபாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. உடனே ஜெனிஷாவை வரச்சொல்லி ஒவ்வொரு கட்டமாக விளக்கினாள். ஜெனிஷா கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

"இதோ, கை. இது பாதம்..."

"அதுக்கு நான் எதுக்கு? கிளமென்ட் கையில வளையல் மாட்டி விட்டா போதுமே."

கிளமென்ட் சிரிக்கப்போய், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"இது ஒரு ஸ்டைல் ஜெனி" என்றாள் ஆசிஃபா.

"நீயா யோசிச்சு இப்படி வச்சிருந்தா ஸ்டைலு. எங்கப்பா போட்ட கண்டிஷனுக்கு நீ ஸ்டைலுன்னு பேர் வச்சிருக்க." ஜெனிஷா குரலை உயர்த்தவில்லை. "இத்தன வருஷமா மறைச்சிக்கினுதான இருக்கேன். கோயில்ல கடைசி பெஞ்சு. கல்யாண வூட்டுக்குப் போனா சாப்பிட்ட கையோட கெளம்பிடணும், யாராவது 'இப்ப எப்படிம்மா இருக்க'ன்னு கேட்டுடுவாங்களாம். உன் படத்துலயும் மறைஞ்சே நிக்கணுமா?"

"அதுக்காக உங்கப்பாவ மீறி எடுக்கச் சொல்றியா? நாளைக்கு வீட்ல ரகளையானா?"

"அத நான் பாத்துக்கறேன். நீ டைரக்டர் வேலைய மட்டும் பாரு."

ஆசிஃபாவுக்குச் சுருக்கென்று தைத்தது. உதட்டைப் பிதுக்கிய சாரிடம் எதிர்த்துப் பேசியவள், தணிந்து பேசிய அங்கிளிடம் மூச்சு விடாமல் பணிந்துவிட்டிருந்தாள். பணிந்ததற்குக் கலை என்று பெயரும் வைத்தாயிற்று. எழுந்து ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றினாள்.

அன்று சாயங்காலம் இருவரும் கிறிஸ்துதாஸ் முன்னால் நின்றார்கள். அவர் பனியனோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று அவர் மகளிடம் தொடங்கியபோது பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக் கமலா அக்கா வந்தாள், கறிவேப்பிலை கேட்டு. கிறிஸ்துதாஸ் சட்டென்று பேச்சை மாற்றினார். "காலேஜ் விஷயமா பேசிக்கினு இருக்காங்க."

"படத்துல நடிக்கப் போறேன் அக்கா" என்றாள் ஜெனிஷா. "தனியா இருக்கறப்ப மனசு கொழம்பிப் போற பொண்ணு. எனக்கு வந்துச்சே, கிட்டத்தட்ட அது மாதிரி. பாண்டிச்சேரில டாக்டர்கிட்ட மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன்ல, அப்ப."

கிறிஸ்துதாஸ் மகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். கமலா அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"நல்லா நடிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, கறிவேப்பிலை வாங்காமலேயே போய்விட்டாள்.

"இன்னிக்கு ராத்திரிக்குள்ள பிளாக் முழுக்கத் தெரிஞ்சிடும்" என்றார் கிறிஸ்துதாஸ்.

"தெரியட்டும்பா. எனக்கு வந்தது வியாதி. நான் ஒண்ணும் திருடலையே."

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சரியென்றும் சொல்லவில்லை, கூடாதென்றும் சொல்லவில்லை.

அவர் டியூட்டிக்குப் போகிற நாளாகப் பார்த்து எடுத்துவிடலாம் என்றான் கிளமென்ட். ஜெனிஷா ஒத்துக்கொள்ளவில்லை. "ஒளிஞ்சு எடுக்கற வேலையே வேணாம். அப்பாவுக்கு லீவு நாள்ல, எங்க வூட்டுச் சமையலறையிலயே எடுங்க."

அப்படியே நடந்தது. கிறிஸ்துதாஸ் கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வந்தவர்களை வா என்றுகூடச் சொல்லவில்லை. ஆசிஃபா காட்சியை மாற்றியிருந்தாள். இரண்டாவது டம்ளரைக் கண்டதும் கேமரா அந்தப் பெண்ணின் முகத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிடும். வெட்டே கிடையாது.

"ஃபேன் சத்தம் மைக்குல விழுது" என்றான் கிளமென்ட் மெதுவாக. யார் போய் அவரிடம் சொல்வது என்று மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் கூடத்தில் சுவிட்ச் தட்டும் சத்தம் கேட்டது. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. சித்திரை வெயில். கிறிஸ்துதாஸ் பேப்பரால் விசிறிக்கொள்ளக்கூட இல்லை. சத்தம் வரும் என்று நினைத்தாரோ என்னவோ, வியர்வை வழிய அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஜெனிஷா திரும்பினாள். டம்ளர்களைப் பார்த்தாள். அலறவில்லை. முதலில் கண்களில் திகைப்பு, பிறகு சலிப்பு, அதன் பின் மெல்லக் கோபம் ஏறியது. நிமிர்ந்து நேராக கேமராவைப் பார்த்தாள். ஆசிஃபா 'கட்' சொல்லவே மறந்து நின்றாள்.

முடித்த படத்தைக் கல்லூரியில் போட்டுக் காட்டிய அன்று சக்கரபாணி சார் அதைப் பாதியில் நிறுத்தச் சொன்னார்.

"முகத்த இவ்வளவு நேரம் காட்டறியேம்மா. யாரு பாக்கறது? பாதியாக் கொறைச்சுடு, மார்க் போடறேன்."

ஆசிஃபா பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெனிஷாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்து அனுமதி கேட்க வேண்டிய விஷயமாக அது இல்லை.

"ஒரு ஃபிரேம்கூடக் கொறைக்க மாட்டேன் சார். நீங்க போடற மார்க்கப் போடுங்க."

அவர் மார்க்கைக் குறைத்துதான் போட்டார். படம் முழு நீளத்தில் ஓடியது.