பச்சைக்குத் திருப்பிய அட்டை

எங்கள் ஆய்வகத்தில் இருப்பது ஒரே ஒரு வெற்றிடக் கலம். சில அணுக்களே தடிமன் கொண்ட காந்தப் படலங்களை எல்லோரும் அதில்தான் செய்தாக வேண்டும். வேலை முடித்தவர் கலத்தைச் சூடேற்றிச் சுத்தம் செய்துவிட்டு, அதன் கதவில் தொங்கும் அட்டையைச் சிவப்பிலிருந்து பச்சைக்குத் திருப்புவார். பச்சை தெரிந்தால் அடுத்தவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

அன்று நான் மாங்கனீசு வேலையை முடிக்கும்போது, மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன். சிவப்பாக விட்டுப் போனால் ஆய்வகத் தலைவி மேடம் கத்துவார். சுத்தம் செய்யாமலே பச்சைக்குத் திருப்பிவிட்டு ஓடினேன். காலையில் வந்து பார்த்துக்கொள்ளலாம், அதற்குள் யார் தொடப் போகிறார்கள்?

அன்று மாலையே பொறுமை தொட்டான். பக்கத்து மேஜைக்காரன். எதற்கும் அலுத்துக்கொள்ளாததால் அந்தப் பெயர். எனக்கு நேர் எதிர்.

மறுவாரம் தன் இரும்புப் படலத்தின் படத்தைக் காட்டினான். அணுக்களின் காந்த முனைகள் ஒரு புள்ளியைச் சுற்றித் திரும்பி நிற்கும் சின்னச் சின்னச் சுழிகள், குழந்தையின் உச்சந்தலைச் சுழி மாதிரி. மின்சாரம் பாய்ச்சினால் அவை தடையில்லாமல் ஓட வேண்டும். ஓடினால்தான் அவனுக்கு வேலை நீட்டிப்பு. அவன் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம்.

"பாருங்கக்கா, கொஞ்ச தூரம் நல்லாத்தான் போகுது. இந்த வெள்ளைப் புள்ளி பக்கத்துல வந்ததும் அது இழுத்துப் புடிச்சுக்குது. அப்புறம் தள்ளினாலும் நகர மாட்டேங்குது."

"என்ன புள்ளி அது?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்.

"ஏதோ வேற அணு உள்ள புகுந்திருக்கு. எப்படின்னுதான் புரியல."

நான் கலத்தில் விட்டுப்போன மாங்கனீசுதான் அது. வாயைத் திறந்தேன். "படம் தெளிவா வந்திருக்கு" என்றேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதன் பிறகு அவன் கேட்காமலே தினமும் காபி வாங்கிக் கொடுத்தேன்.

"என்னக்கா, திடீர்னு பாசம் பொங்குது?"

"பாசமும் இல்ல, பாயசமும் இல்ல. குடி."

இன்று எப்படியும் சொல்லிவிடுவது என்று காபியோடு வந்தேன். அவன் மேஜை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தான்.

"அது மாங்கனீசுதான்க்கா. என் தப்புன்னு மேடம்கிட்ட ஒத்துக்கிட்டேன். நீட்டிப்பு கிடையாதாம். எனக்குக் கவனம் போதாதாம்."

"உன் தப்பா?"

"நீங்க பச்சைக்குத் திருப்பியிருந்தீங்களே, அப்ப கலம் சுத்தமாத்தான் இருந்திருக்கும். நான்தான் கலத்துக்குள்ள இருக்குற மாங்கனீசுக் கிண்ணத்தோட மூடியைத் தெரியாம திறந்திருக்கேன்."

"திறந்தது ஞாபகம் இருக்கா?"

"இல்ல. ஆனா வேற வழியே இல்லையேக்கா."

அந்த வேறு வழி கையில் காபியோடு அவன் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது.

"பொறுமை, நான் சுத்தம் பண்ணல" என்றேன். "பண்ணாமலே திருப்பிட்டுப் போனேன். படத்தைப் பாத்த அன்னைக்கே எனக்குத் தெரியும்."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து கலத்தருகே போனான். பச்சையாகத் தொங்கிய அட்டையைச் சிவப்புக்குத் திருப்பிவிட்டு, சூடேற்றும் விசையைப் போட்டான்.

அந்தப் பச்சை இன்று காலை நான் திருப்பியது; இந்தத் தடவை உண்மையாகவே சுத்தம் செய்திருந்தேன். காபியை வைத்துவிட்டு மேடம் அறைக்கு நடந்தேன்.