அபராதக் கேக்

பிரான்சில், மயேன் ஆற்றோரம் எங்கள் ஊரிலிருந்து இரண்டாவது மதகு வரைக்கும் போகும் பாதைக்கு நகராட்சிக்காரர்கள் "எளிய நடை" என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் குதிரைகளைப் பூட்டிப் படகு இழுத்த பாதை. ஏற்றம் கிடையாது, இறக்கம் கிடையாது, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்தே போய் வரலாம். ஆனால் அந்தப் பலகையை எழுதியவனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. மனசுக்குப் பிடித்த மனிதர் நாலடி முன்னால் போக, திரும்பிப் பார்ப்பாரா மாட்டாரா என்று தவித்துக்கொண்டே அந்த வழி முழுக்க அவன் ஒரு தடவை நடந்து பார்க்கட்டும். அப்புறம் எழுதட்டும் எளிது என்று.

எங்கள் சனிக்கிழமை நடைக் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். பாதையில் கால் வைத்துவிட்டால் எல்லோருக்கும் எல்லோரும் "நீ". வக்கீலாக இருந்தவரும் "நீ", சந்தையில் மீன் விற்றவளும் "நீ". வாய் தவறி "நீங்கள்" என்று சொன்னால் அபராதம், அடுத்த வாரம் கேக் கொண்டுவர வேண்டும். சட்டம் போட்டவள் எங்கள் தலைவி யுகெத். கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு வாத்துகளையும் எங்களையும் ஒன்றாகவே விரட்டுவாள்.

எத்மோன் இந்த ஊருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. மனைவி இறந்த பிறகு, மதகுக் காவலர் குடியிருந்த பழைய வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தனியாக வந்தார். நெட்டையான ஆள், லேசான கூன், எந்நேரமும் கோட்டுப் பையில் அக்ரூட் கொட்டைகள். கூட்டத்தில் சேர்ந்த முதல் நாளே யுகெத்துக்கு "நீ". முழங்கால் வலியைத் தவிர வேறு பேச்சே தெரியாத ழில்பேருக்கு "நீ". எனக்கு மட்டும் "நீங்கள்".

"ஒதில், பாத்து வாங்க, வேர் தடுக்கும்."

உடனே விசில் அலறும். "எத்மோன்! கேக்!"

அவர் மறுபேச்சுப் பேசமாட்டார். அடுத்த சனிக்கிழமை துணியில் சுற்றிய கேக்கோடு வந்து நிற்பார். கடையில் வாங்கியது இல்லை, தானே சுட்டது. முதல் வருடமெல்லாம் அடி கருகியிருக்கும். போகப் போகக் கை பழகிவிட்டது. ஆப்பிள் வைத்து, பேரிக்காய் வைத்து, சீமை மாதுளை ஜாம் தடவி, வாரம் தவறாமல் ஆறு வருடம். கூட்டமே அந்தக் கேக்கில் சதை போட்டது. எனக்கு மட்டும் தொண்டையில் இறங்காது. இந்த மனிதருக்கு என்னை "நீ" என்று கூப்பிடுவதைவிட வாராவாரம் மாவு கலக்கி அடுப்படியில் வேகுவது மேலாகத் தெரிகிறதே என்று பற்றிக்கொண்டு வரும்.

"நீ" என்ற சொல்லுக்காக நான் ஏங்கியதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. என்னைக் கட்டியவன் இருபது வருடம் "நீ" என்றுதான் கூப்பிட்டான். கடைசியில் பல் டாக்டரிடம் உதவிக்கு இருந்தவளோடு போகும்போதும் "நீ நல்லா இரு" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். இருந்தும் எத்மோன் வாயிலிருந்து அது எனக்கு வேண்டியிருந்தது. பைத்தியம்தான்.

இந்த இலையுதிர்காலத்தில் அவருக்குக் கண் பார்வை ரொம்பவும் மங்கிவிட்டது. கார் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தூலோனிலிருந்து மகள் வந்து அழைத்துப் போவதாக முடிவாயிற்று. சனிக்கிழமை காலை எங்களோடு கடைசி நடை, மதியம் பயணம். தூலோன் நாட்டின் மறு கோடி. போகாதே என்று சொல்ல நான் யார்? எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அவர் வண்டி ஏறுவதற்குள் என்னை ஒரு தடவை, ஒரே தடவை, "நீ" என்று கூப்பிட்டுவிட வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை கோட்டைப் பூங்காவின் வாசலில் கூடினோம். லிண்டன் மரங்கள் பாதி இலையை உதிர்த்துவிட்டிருந்தன, பாதை முழுக்க மஞ்சள். மகள் பெனெதிக்த் நகரத்துக் காலணியோடு வந்திருந்தாள். யுகெத் அவளைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டு போனாள். நான் எத்மோன் பக்கத்தில் நடந்தேன். கொஞ்ச நாளாக அவருக்கு நான்தான் கண்.

"கொக்கு நிக்குது," என்றேன்.

"எங்க?"

"வலது பக்கம் பாரு. நாணலுக்கு முன்னாடி, ஒத்தக் கால்ல."

அவர் அந்தத் திக்கில் பார்த்தார். எதுவும் தெரிந்திருக்காது. "நீங்க சொன்னா தெரியுது," என்றார்.

முன்னாலிருந்து விசில். யுகெத்துக்குப் பாம்புக் காது.

தடுப்பணைக்கு வந்தோம். தண்ணீர் விழும் இரைச்சலில் யார் காதிலும் விழாது என்ற தைரியம் எனக்கு.

"எத்மோன், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அதான், அந்தக் 'கேளுங்க'தான்! நான் என்ன பாவம் பண்ணேன்? ஊருக்கெல்லாம் நீ, எனக்கு மட்டும் பிஷப்புக்குச் சொல்ற மாதிரி நீங்க. ஆறு வருஷமாச்சு."

அவர் நின்றுவிட்டார். "உங்களுக்கு அது பிடிக்கலையா?"

"பிடிக்கல. சுத்தமா பிடிக்கல. போறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது நீன்னு சொல்லிட்டுப் போ. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

தொப்பியைக் கழற்றினார், மறுபடியும் மாட்டிக்கொண்டார். தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி ஒதில்," என்றார் கடைசியில். "நீ... நீ குளிர்ல நிக்காதே. வா."

எனக்குத் தலைகால் புரியவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது! ஆனால் மதகின் மேல் போகும் குறுகிய நடைபாலம் வந்தபோது ஏதோ உறுத்தியது. எப்போதும் நான் கடந்து முடிக்கும்வரை இந்தப் பக்கமே நிற்பவர், அன்று முன்னால் போய்விட்டார். "கம்பியைப் பிடிச்சுக்கோ," என்று சொல்லிவிட்டுப் போனார். ழில்பேரிடம் ஷூ கயிற்றைக் கட்டச் சொல்வாரே, அதே குரல். பேராசைப்படாதே ஒதில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மதகுக்கு அப்பால் இருந்த பெஞ்சுகளில் உட்கார்ந்து ரொட்டியும் பன்றி இறைச்சி வறுவலும் சாப்பிட்டோம். எத்மோன் போன வாரத்து அபராதக் கேக்கைப் பிரித்தார். பேரிக்காய்க் கேக், தங்க நிறம்.

"ஒதில், உனக்கு ஓரத்துத் துண்டா, நடுத் துண்டா?"

யுகெத் விசிலை வாயில் வைத்தவள் அப்படியே நின்றாள். "என்னது? உனக்கா?"

எல்லோரும் கை தட்டினார்கள். ழில்பேர் மட்டும் பதறிப்போனான். "அப்போ இனிமே ஒதிலால கேக் கிடையாதா? அடிப்பாவி, எங்க வயித்துல அடிச்சிட்டியேடி!"

"ஆமாண்டா, இன்னிக்கு ஊருக்குப் போற மனுஷன் உனக்குத் தூலோன்லேருந்து கேக் அனுப்புவாரு பாரு," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பெனெதிக்த் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது அவள் என்னோடு சேர்ந்துகொண்டாள்.

"அப்பா உங்கள நீன்னு கூப்பிடுறாரே," என்றாள், எதையோ தொலைத்தவள் போல.

"இன்னிக்குத்தாம்மா. நானே கேட்டு வாங்கினேன்."

"ஐயோ."

"என்ன ஐயோ?"

முன்னால் போகும் அப்பாவை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "எங்க அம்மாவும் அவரும் கடைசி மூச்சு வரைக்கும் ஒருத்தருக்கொருத்தர் நீங்கதான். அம்மா குடும்பத்துல பழைய பழக்கம் அது. பிள்ளைங்க எங்களுக்கு நீ, கூடப் பிறந்தவங்களுக்கு நீ, நாய்க்கு நீ. அம்மாவுக்கு மட்டும் நீங்க. சண்டை போட்டாக்கூட நீங்கதான். ஒரு நாள் போன்ல சொன்னார், இங்க ஒதில்னு ஒருத்தங்க இருக்காங்க, அவங்களுக்கு நான் நீங்க சொல்றேன்னு. அதுக்கு மேல எதுவும் சொல்லல. எனக்குப் புரிஞ்சிடுச்சு. அவங்களுக்குத் தெரியுமாப்பான்னு கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"வாராவாரம் ஊர் முன்னாடி சொல்லிக்கிட்டு இருக்கேன், அபராதமும் கட்டுறேன், தெரியாமலா இருக்கும்னார்."

அவளை முன்னால் போகச் சொன்னேன். இறங்காத ஆறு வருடத்துக் கேக்கும் ஒன்றாக வந்து நெஞ்சை அடைத்தது. கையில் இருந்ததை நானே பிடுங்கி ஆற்றில் போட்டுவிட்டு, வெறும் கையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். இவ்வளவு வயதாகியும் எனக்கு வாய் மட்டும்தான் வளர்ந்திருக்கிறது.

பூங்கா வாசலில் கார் தயாராக நின்றது. பாதையில் பின்தங்கிவிட்ட நான் எல்லோருக்கும் கடைசியாகத்தான் போய்ச் சேர்ந்தேன். கன்னத்தோடு கன்னம் வைத்து விடைபெறுவதெல்லாம் முடிந்துவிட்டிருந்தது. யுகெத் கைக்குட்டையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். எத்மோன் முன் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார். மகள் வண்டியைக் கிளப்பவிருந்தாள். நான் கண்ணாடியைத் தட்டினேன். அது இறங்கியது.

"யாரு, ஒதிலா? என்ன, எதையாவது மறந்துட்டியா?"

அந்த "டியா" ஊசி மாதிரி இறங்கியது.

"எத்மோன், நீங்க..." கண்ணாடி விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க போய்ச் சேந்ததும் எனக்குப் போன் பண்ணுங்க. கண்ணைப் பாத்துக்கோங்க. நான் இவ்வளவு நாளா ஒரு மக்கு, எத்மோன். நீங்க சொன்னது எனக்குக் கேக்கவே இல்ல. இப்பதான் கேக்குது."

பின்னால் விசில் அலறியது. "ஒதில்! நீங்கவா? கேக்!"

நான் திரும்பவில்லை. அவர் முகம் மெல்ல என் பக்கம் வந்தது. கை கண்ணாடி விளிம்பில் தடவித் தடவி என் கையைக் கண்டுபிடித்தது. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க அடுப்பைச் சின்னதா வைங்க, ஒதில்," என்றார். "இல்லேன்னா அடி கருகிடும்."

வண்டி லிண்டன் மரங்களுக்கு நடுவே போய் வளைவில் திரும்பியது.

அடுத்த சனிக்கிழமை கேக்கோடு போனேன். அடி கருகித்தான் இருந்தது. ழில்பேர் பேசாமல் இரண்டு துண்டு சாப்பிட்டான். அன்றும் நாணலுக்கு முன்னால் கொக்கு நின்றது. பக்கத்தில் யாரும் இல்லை என்பது மறந்து, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"வலது பக்கம் பாருங்க, எத்மோன்."

யுகெத் விசிலை வாயருகே கொண்டுபோனாள். ஊதாமல் இறக்கிவிட்டாள். ஊதினாலும் ஊதாவிட்டாலும் அடுத்த வாரம் கேக் என்னுடையதுதான்.